கால் முந்திப் பிறந்தவள்

3 ஜூன் 1951, ஞாயிறு

இன்று ஒன்பது முதுகு. போன வாரம் ஆறுதான். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது என்று யாரோ தண்டோரா போட்டிருக்கிறார்கள் போல. டீச்சரம்மா கால் அப்புறம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஐந்தரைக்கே கதவைத் தட்டிவிட்டார்கள்.

வெறும் வயிற்றோடு வர வேண்டும். நடையில் தலையைக் கிழக்கே வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். நான் வலது குதிகாலை நல்லெண்ணெயில் தோய்த்து இடுப்பிலிருந்து மேலே மூன்று இழுப்பு இழுப்பேன். பிடிப்பு இருக்கும் இடத்தில் ஒரு மிதி. எழுந்தவர் ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். காசு கூடாது, வாங்கினால் பலிக்காதாம். இதற்கு நான் என்ன படித்தேன்? ஒன்றும் இல்லை. எல்லாரும் தலையை நீட்டிப் பிறக்கிறார்கள், நான் காலை நீட்டிப் பிறந்தேன். கால் முந்திப் பிறந்தவள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று ராயபுரம் நம்புகிறது. இரண்டு வருஷம் டிரெயினிங் படித்து கார்ப்பரேஷன் பள்ளியில் வேலை பார்க்கிறேனே, அதற்காக இதுவரை ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை.

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர். எத்திராஜ் என்று பேர், ஹார்பரில் மூட்டை தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறார். எத்திராஜ் வீட்டில் மிதி வாங்கிய கூலிக்காரன் அடுத்த நாள் அவரைப் பார்த்தால் பீடியை மறைக்கிறான். அது போதும் அவருக்கு. "அடுத்து யாருப்பா? வா நைனா, பயப்படாத. எட்டு வருஷமா மிதிச்சிகினு கீது, ஒரு கேஸு தப்புனது கெடயாது." மிதிப்பது அவர்தான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

5 ஜூன்

ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "பூவம்மா, லீவு பூரா நன்றாக மிதித்தாயா?" சிரித்தேன். வேறென்ன செய்ய?

17 ஜூன், ஞாயிறு

இதை வேறெங்கும் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன்.

இன்று வந்தவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மூட்டை தூக்கும்போது பிடித்துக்கொண்டதாம், நான்கு நாளாக நிமிரவில்லை. என் குதிகால் பட்ட இடத்தில் உள்ளே ஏதோ நழுவியது. எழுந்தார், நிமிர்ந்தார். பேசக்கூடாது என்பதால் பேசவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆறு நாள் இதைத் திட்டுகிறேன், ஏழாம் நாள் இதற்காகக் காத்திருக்கிறேன். இதுதான் உண்மை. அப்பா ஞாபகம் வேறு. ஐந்தாவது பெண் நான். அக்காமார் நால்வர் பக்கம் திரும்பாத மனுஷர், தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் என்னைத்தான் தேடுவார். குப்புறப் படுத்து, "ஏறும்மா தாயி" என்பார். நான்கு வயதில் அவர் முதுகில் நின்றால் இந்த உலகத்திலேயே உயரமானவள் நான்தான்.

மாமியார் என்னைப் பெண் கேட்டு வந்ததும் இந்தக் காலுக்காகத்தான். வீட்டில் இரண்டு பிள்ளையும் ஹார்பர் வேலை, முதுகுக்கு ஒரு மருமகள் வேண்டாமா? எனக்கு இன்னும் குழந்தை இல்லை. வந்தாலும் காலை முதலில் நீட்டு என்றுதான் கேட்பார்கள்.

28 ஜூன், வியாழன்

கொழுந்தன் லோகநாதன் விழுந்துவிட்டான்.

நான் பள்ளியிலிருந்து வரும்போது கூடத்துப் பாயில் கிடந்தான். கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கி, மல்லாக்க விழுந்திருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் கைவண்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இருபத்து மூன்று வயது. ஆவணியில் கல்யாணம், திருவொற்றியூர்ப் பெண். வலியிலும் என்னைப் பார்த்ததும், "அண்ணி வந்துட்டாங்கல்ல, இனிமே கவல இல்ல" என்றான்.

கூட்டிவந்தவர்களில் ஒருவர் வண்ணாரப்பேட்டை கமாலுதீன் பாயை அழைத்து வந்திருந்தார். குஸ்தி பயில்வான்களுக்கு மாலிஷ் செய்கிறவர், எலும்பு, நரம்பு, வர்மம் எல்லாம் கற்றவர். அவனைப் புரட்டக்கூட விடவில்லை. பக்கவாட்டில் கையை நுழைத்து, விரல் நுனியால் தண்டெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நின்றார். உள்ளங்காலை அழுத்தி, "தெரியுதா தம்பி?" என்றார். "மதமதன்னு கீது பாய்." "வெரல ஆட்டு." ஆட்டினான். இரண்டு காலிலும் விரல்கள் அசைந்தன. நான் பார்த்தேன்.

"இது சுளுக்கு இல்ல. கணு நவுந்து கீது. கால்ல இன்னும் உசிரோட்டம் போய்கினு கீது, அத்த காப்பாத்தணும். யாரும் கைய வைக்காதீங்க. பலகைல கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போங்க, ஜல்தி."

என் வீட்டுக்காரர், "பாய், எம் பொண்டாட்டி கால் முந்திப் பொறந்தவ" என்றார்.

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "தங்கச்சி, கோவிச்சிக்காத. இது காலு வேலை இல்லம்மா. கை வேலையும் இல்ல."

அவர் போன பிறகுதான் சண்டை. மாமியார், "ஆஸ்பத்திரிக்குப் போனா முதுவக் கீசிப்புடுவான், எம் புள்ள பொணமாத்தான் வரும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். இவர் கத்தினார்: "ஊரே வந்து மிதி வாங்கிகினு போவுது. எந் தம்பிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? அந்த ஆளுக்கு முடியல, அதான் கைய வுட்டுட்டாரு." நான் ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை சொல்லவில்லை.

29 ஜூன், வெள்ளி

மிதித்தேன்.

காலை ஆறு மணி. அவனைப் புரட்டிப் போடும்போதே அலறினான். எண்ணெய், மூன்று இழுப்பு. எந்த இடம் என்று தேட வேண்டியிருக்கவில்லை, பாய் விரல் நின்ற இடம் எனக்குத் தெரியும். அங்கேயே வைத்தேன். உள்ளே நழுவியது. எப்போதும் நழுவுவதுபோல இல்லை. ஈர விறகு மாதிரி ஒரு—

லோகு கத்தவில்லை. "வலி போச்சி அண்ணி" என்றான். மாமியார் கற்பூரம் ஏற்றினார்.

30 ஜூன்

விரல்கள் அசையவில்லை.

4 ஜூலை

ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர், என் வயதுதான் இருக்கும். "விழுந்த பிறகு யாராவது பிடித்துவிட்டார்களா, உருவினார்களா?" என்று கேட்டார். இவர், "இல்லிங்க சார். வுழுந்தது வுழுந்தபடி கெடந்தான்" என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் நான் நின்றேன். இரண்டு காலும் தரையில், வாய் மூடி. பிள்ளைகள் பொய் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான்.

ஏன் மிதித்தேன்? ஐந்து நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவர் கத்தினார், மாமியார் அழுதார், எல்லாம் சரி. ஆனால் யாரும் என் காலைத் தூக்கி அவன் முதுகில் வைக்கவில்லை. அந்த பாய் சிரித்தாரே, அது எனக்கு உறைத்தது. உன் கால் வேலை இல்லை என்றாரே. பார்க்கலாமே என்று ஒரு நினைப்பு. லோகுவின் முதுகில் நின்று நான் பாய்க்குப் பதில் சொல்லியிருக்கிறேன். சீ.

22 ஜூலை, ஞாயிறு

லோகுவை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாளாகிறது. இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடக்கிறது. செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் கட்டில். துணி மாற்றுவது நானும் மாமியாரும்.

இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இன்று நான்கு பேர்! அவர்களே காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மிதித்தது தப்பாம். பாய் கை வைத்ததற்கு மேல் கால் வைத்ததால் ராசி முறிந்ததாம். லோகு முதல்நாள் ராத்திரி கஞ்சி குடித்துவிட்டான், வெறும் வயிறு இல்லையாம். மிதித்து முடித்ததும் பேசினானே, "வலி போச்சி அண்ணி" என்று, பேசலாமா என்கிறாள் ஒருத்தி. ஆக, குற்றம் அவன் மேல். என் கால் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது.

முடியாது, போங்கள் என்று கதவைச் சாத்தினேன். இவர் திறந்தார். நான் மறுபடி சாத்தினேன். கை ஓங்கினார், லோகு பார்த்துக்கொண்டிருந்ததால் இறக்கிக்கொண்டார்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

தண்டையார்பேட்டைக்குப் போனேன், அம்மாவிடம். இரண்டு ராத்திரி தங்கி அழுதுவிட்டு வரலாம் என்றுதான். மடியில் படுத்து, "என் காலை வெட்டிப் போட்டால் தேவலை" என்றேன். என் தலையைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

"நீ காலால பொறக்கல கண்ணு."

எழுந்து உட்கார்ந்தேன்.

"எல்லாப் புள்ளையும் மாதிரி தலையாலதான் பொறந்த. அஞ்சாவதும் பொட்டையான்னு உங்கப்பன் வாசல்லயே நின்னுகினு உள்ள வரல. தூக்கிக் குப்பைத்தொட்டில போடுன்னு சொன்னான். மருத்துவச்சிதான் சொன்னா, 'கெங்கம்மா, காலு முந்தி வந்துதுன்னு சொல்லு, அப்பால பாரு.' சொன்னேன். ஓடியாந்து தூக்கிகினான். அப்பால இன்னாத்த மாத்திச் சொல்றது? உன்னிய உசிரோட வச்சிக்கத்தாண்டி சொன்னேன்."

மருத்துவச்சி செத்துப் பதினைந்து வருஷம். அப்பாவும் இல்லை. அம்மா இருபத்தேழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் முதுகு என் காலடியில் கிடந்ததைக் கேட்டு ஒருநாளும் அசையவில்லை.

அம்மாவைத் திட்டினேன். என்னென்னவோ சொன்னேன், எழுத மாட்டேன். அவள் சொன்ன பொய்யால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தேதான் திட்டினேன். தங்கவில்லை. உடனே கிளம்பினேன். டோல்கேட் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன், அழுகை வரவில்லை. "ஏறும்மா தாயி" என்றாரே, அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. காலைக் கூப்பிட்டிருக்கிறார்.

7 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன். இவரிடமும் மாமியாரிடமும், அடுப்படியில் நின்று, லோகு காதில் விழாதபடி.

மாமியார் முதலில் சிரித்தார். பிறகு, "அப்போ எம் புள்ளைய ஏமாத்தித்தான் கட்டி வச்சீங்களா? ஆத்தாளும் பொண்ணும் சேர்ந்து என் குடும்பத்துல மண்ண வாரிப் போட்டுட்டீங்களேடி!" என்று ஆரம்பித்தார். அது நியாயம்தான்.

இவர் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு வருஷமா மிதிச்சியே, எத்தினி பேரு எழுந்து நடந்தான்? அதெல்லாம் இன்னா?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. சுளுக்கு நான்கு நாளில் தானாக விட்டிருக்கும். அல்லது எவள் மிதித்தாலும் விட்டிருக்கும். கடைசியில், "வெளிய ஒரு வார்த்த வந்துது, வூட்ட வுட்டுத் தொரத்திடுவேன்" என்றார். தம்பி முடங்கிக் கிடப்பதைவிட அந்த நாற்காலியை இழப்பதுதான் இவருக்குப் பெரிது. நான் சொல்வது அநியாயமாக இருக்கலாம். இருக்கட்டும்.

19 ஆகஸ்ட்

வண்ணாரப்பேட்டை போய் கமாலுதீன் பாயைப் பார்த்தேன். அவர் மனைவி சாபிரா மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், மிதித்ததையும் சேர்த்து. "என்னால்தானா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன், மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கே புரிந்தது.

"வெரல் ஆடிச்சி தங்கச்சி. நீயும் பாத்த, நானும் பாத்தேன்." என்றார். பொய் சொல்லாத ஒரே மனுஷர்.

கிளம்பும்போது, "கால் சூம்பாம இருக்க எண்ண போட்டு நான் வந்து தடவுறேன். முதுவுப் பக்கம் மட்டும் யாரும் போவாதீங்க. நடக்கறதுக்கு இல்ல, புண்ணு வராம இருக்கறதுக்கு" என்றார். சாயங்காலமே வந்தார். லோகு அவரைத் தொட விடவில்லை. "அண்ணி கால் வச்சா போதும், நீங்க போங்க பாய்" என்றான்.

9 செப்டம்பர்

அந்தத் திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முகூர்த்தம் முடிந்தது. எதிர்வீட்டுக்காரி நம் வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கட்டிலில் லோகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடம்பைப் புரட்ட நாங்கள் இரண்டு பேர் வேண்டும்.

14 அக்டோபர், ஞாயிறு

தினமும் கேட்கிறான். "இன்னைக்கி மிதிங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை. வெறும் வயிறு. நான் பேசவே மாட்டேன், சத்தியமா." தப்பெல்லாம் தன் பேரில் என்று ஊர் சொன்னதை நம்பிவிட்டிருக்கிறான். கஞ்சி குடித்தேனே, பேசினேனே என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். என்னிடம்!

இவர் வெளியே போயிருந்தார், மாமியார் தண்ணீர்க் குழாயடியில். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நான் தலையால் பிறந்தவள், என் கால் வெறும் கால், பாய் தொடாதே என்ற இடத்தில் தெரிந்தே வைத்தேன். ஒன்று விடாமல். துரத்தினால் துரத்தட்டும்.

கேட்டுக்கொண்டே கிடந்தான். கோபம் வரும், எச்சில் துப்புவான் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் எனக்கு நல்லது.

"இத்த யார் கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி."

"ஏன்?"

"பொய்யின்னா நான் எதுக்கு இப்பிடிக் கெடக்கறேன்? மெய்யின்னா, என்னிக்காச்சும் ஒரு நாள் சரியா மிதிச்சிடுவீங்கன்னு கெடப்பேன்."

நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மாமியார் என்னைப் பார்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

15 அக்டோபர்

காலை ஆறு மணி. முதுகில் இல்லை, கெண்டைக்காலில். எடை போடாமல், சும்மா ஒட்டினாற்போல மூன்று இழுப்பு. அவன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

11 நவம்பர்

மழை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுவிட்டது. நான் யார் வந்தாலும் வண்ணாரப்பேட்டைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறேன். இவர் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார். என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் கேட்கிறார். அம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை.

16 டிசம்பர், ஞாயிறு

அரைப் பரீட்சைத் தாள் நாற்பத்தொன்று திருத்த வேண்டும், ஒன்றைக்கூடத் தொடவில்லை. கூடத்து ஓட்டில் ஒழுகல். கமாலுதீன் பாய் நேற்று வந்து லோகுவின் குதிகாலில் புண் வைக்கப் பார்க்கிறது என்று மஞ்சள் போட்டுக் கட்டிவிட்டுப் போனார். இப்போது அவரைத் தொட விடுகிறான். ஆனால் காலை ஆறு மணி என்னுடையது.

இன்றும் மாமியாரும் நானும் அவனைப் புரட்டிக் குப்புறப் படுக்க வைத்தோம். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். நான் எண்ணெயைத் தொட்டேன். அதற்குள் வாசலில் பால்காரர் குரல் கொடுக்க, நாளைக்கு அரைப்படி போதும் என்று தலையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டிலிலிருந்து லோகு, தலையணையில் முகம் புதைத்தபடி, "சூடு ஏறுது அண்ணி. இன்னைக்கி நல்லா ஏறுது" என்றான்.

என் இரண்டு காலும் தரையில் இருந்தன.

"ஏறும் லோகு, ஏறும்" என்றேன். அப்புறம்தான் காலைத் தூக்கி வைத்தேன்.